பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம்

பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம்.
வள்ளத்தை பஸ்ஸில் ஏற்ற முடியாது என்பதால்
காரங்காட்டில் விடியுமுன் இறங்கினோம்,
நானும், எஞ்சின் தெரிந்த இன்னாசியும்.
விற்றவர் கரையில் நின்று
பணத்தை மூன்றாம் முறை எண்ணினார்.
ஒன்பது பெண்களின் பணம்,
பாசி வாசம் போகாத நோட்டுகள்.
"பின்பக்கம் ஒரு ஒட்டு இருக்கு,
ரொம்ப விரட்டாதீங்க" என்றார்
எண்ணி முடித்த பிறகு.

ஆறு அங்கே எங்கள் தெருவைவிடக் குறுகல்.
இருபுறமும் அலையாத்தி
வேரை மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
சிறகை உலர்த்திய நீர்க்காகம் ஒன்று
வாடகை பாக்கி வைத்தவர்களைப் பார்ப்பதுபோல்
எங்களைப் பார்த்தது.
கம்பு ஊன்றித்தான் போனோம்.
ஒவ்வொரு ஊன்றலுக்கும் சேறு
கம்பை மனமில்லாமல் விட்டது.

முகத்துவாரம் தாண்டியதும்
வாடை முதுகில் கைவைத்துத் தள்ளியது.
மோர்ப்பண்ணை போனது. திருப்பாலைக்குடி போனது.
போனது என்று சொன்னாலும்
ஒரு மினாரா ஒரு மணி நேரம் கூடவே வந்தது.
கரையோரம் ஒரு மொபெட்
எங்களை முந்திப் போய், மீன் விற்று,
திரும்பியும் வந்தது.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் கற்களைச் சுற்றி
ஈரத்துணிக் கூட்டம்.
இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டான்.
"ஒனக்கென்னடா அங்க?"
"ஒட்டு தாங்கணும்ல அக்கா.
எந்தச் சாமியா இருந்தா என்ன."

நான் கணக்குப் போட்டேன்.
வள்ளக்கூலி ஆளுக்கு நூறு.
பாசி கிடைக்காத நாளும் நூறு.
கடல் கலங்கிப் பாதியில் திரும்பினாலும் நூறு.
பத்து வருஷத்து நூறுகளை அடுக்கினால்
இதே வள்ளம், எஞ்சினோடு, ஒன்றரை.
முன்பே ஏன் இந்தக் கணக்கைப் போடவில்லை என்றால்
முன்பே இப்படிச் சும்மா உட்கார
ஒரு பகல் கிடைக்கவில்லை.

ஆற்றங்கரைக்கு நேரே எஞ்சின் நின்றது.
காத்தாடியில் சுற்றியது வலையல்ல, பாசியல்ல,
சரிகை ஓரம் வைத்த பந்தல் துணி.
வைகை இந்த வருஷம் கடல்வரை வந்திருந்தது,
பச்சையில் டீ கொட்டியதுபோல்.
ஒற்றைச் செருப்பு. மாத்திரை அட்டை.
மதுரை ஜவுளிக்கடையின் மஞ்சள் பை.
நாங்கள்தான் டவுனுக்குப் போகிறோம் என்றிருந்தேன்.
ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை. உப்பில்லாமலும் இல்லை.

இன்னாசி கத்தியோடு முங்கினான்.
அவனைவிட எனக்கு மூச்சு அதிகம்,
அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
மூன்றாம் முறையும் வெறுங்கையோடு எழும்பி
இருமியபோது
சேலையைச் செருகிக்கொண்டு
கத்தியை வாங்கினேன்.

அப்புறம் கஞ்சி. அப்புறம் வெயில்.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
மத்தியானம் முழுக்க அதுதான் இருந்தது.

மண்டபத்துக்கப்பால் பாலத்தில் ரயில்
ஜன்னல் ஜன்னலாகக் கடல் தாண்டியது.
உள்ளே யாரோ எங்களைப் படம் பிடித்திருப்பார்கள்.
அந்தப் போனில் நாங்கள்
சின்னதாக, அழகாக,
எங்கும் போகாமல் இருப்போம்.
இங்கே ஒட்டு கசியத் தொடங்கியிருந்தது.
தூக்குச்சட்டி மூடியால் இறைத்துக்கொண்டே வந்தேன்.

இருட்டியபின் கோபுர விளக்கு,
இதோ இதோ என்று இரண்டு மணி நேரம்.
பிறகு லாட்ஜ் போர்டுகள், டீசல் நெடி,
ஐஸ் கம்பெனி இரைச்சல்,
காணாமல்போன பிள்ளையின் சட்டை நிறத்தை
மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு குரல்.
விசைப்படகு போகாத நாள்.
ஜெட்டி முழுக்கத் தோளோடு தோள் உரசி நின்றன.
நடுவில் ஒரு சந்து,
காரங்காட்டு ஆற்றின் அகலம்கூட இல்லை.
மறுபடியும் கம்பு.

"யாரு வள்ளம்?" மேலேயிருந்து டார்ச்.
இன்னாசி விரல் விட்டான்:
"ரோசாரி அக்கா, செபமணி, மூக்காயி,
கனகவல்லி, தங்கப்பொண்ணு..."
"ஒரு பேரைச் சொல்லப்பா."
அவன் என்னைப் பார்த்தான்.
நான் கயிற்றை மேலே எறிந்தேன்.
"மொதல்ல இதைப் பிடிங்க."